ஆணி புடுங்கின கதை

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம் மக்களே. அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இன்னிக்கும் ஆணியைப் பத்திதான் எழுதப் போறேன், ஆனா இது வேற ஆணி. உங்க ஊர் வீட்டு ஹால்ல தினசரி காலண்டர் தொங்குதே, அந்த ஆணி.

முடிஞ்சா ஒரு நிமிஷம் எழுந்து போய்ப் பார்த்துட்டு வாங்க. அட்டையில மேலே முருகனோ லட்சுமியோ வேளாங்கண்ணி மாதாவோ இருப்பாங்க. நடுவுல தேதித் தாள் கட்டு. ரெண்டுக்கும் கீழே ஒரு கடை பேரு. ஜவுளிக்கடை, மளிகைக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை இப்படி ஏதாவது ஒண்ணு. அந்தக் கடை அனேகமா உங்க வீட்டுலேர்ந்து நடந்து போற தூரத்துல இருக்கும். வருஷத்துக்கு 365 நாள், காசே வாங்காம ஒரு கடையோட விளம்பரத்தை நம்ம வீட்டுச் சுவத்துல மாட்டி வச்சு, ஊதுபத்தி வேற காட்டிட்டு இருக்கோம். விளம்பரத்துக்குக் கோடிக்கணக்குல கொட்டுற கம்பெனிக்குக்கூட இந்தப் பாக்கியம் கிடைக்காது.

எங்க அப்பாவுக்கு அருப்புக்கோட்டை பக்கம் ஒரு சின்ன ஊர்ல மளிகைக்கடை. தாத்தா வச்ச கடை. அப்பாவை ஊர்ல எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாங்க. நான் இஞ்சினியரிங் முடிச்சுட்டு பெங்களூர்ல பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். கடைக்கும் எனக்கும் உள்ள தொடர்பு லீவுக்குப் போனா கல்லாவுல உக்கார்றது மட்டும்தான். இதை ஏன் சொல்றேன்னா, இந்தக் காலண்டர் விஷயத்துல நான் ஒரு பெரிய சொதப்பல் பண்ணினேன். சொதப்பினதுக்கு அப்புறம்தான் இதுக்குப் பின்னாடி என்ன வரலாறு இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். முதல்ல வரலாறு. சொதப்பல் அப்புறம்.

கடை பேரு போட்ட காலண்டர் நம்ம ஊரு சரக்குன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இல்லையாம். அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல ரெட் ஓக்னு ஒரு சின்ன ஊர். அங்க எட்மண்ட் ஆஸ்பார்ன், தாமஸ் மர்ஃபின்னு ரெண்டு இளவட்டங்க ஒரு உள்ளூர்ப் பத்திரிகை நடத்திக்கிட்டு இருந்தாங்க. 1889ல ஊருக்குப் புது கோர்ட்டு கட்டடம் வரப்போகுது. அதோட படத்தைப் பத்திரிகையில போட ஆசை. ஆனா அந்தக் காலத்துல ஒரு படத்துக்கு அச்சுக்கட்டை எடுக்கறதுன்னா நல்ல செலவு. அந்தக் காசை எப்படித் தேத்தறதுன்னு யோசிச்சு, படத்தை ஒரு அட்டையில போட்டு, சுத்தி உள்ளூர்க் கடைக்காரங்க விளம்பரத்தைப் போட்டு, கூடவே தேதித் தாளையும் சேர்த்துட்டாங்க. படமும் விளம்பரமும் சேர்ந்த காலண்டருக்குப் பிறந்த ஊர்னு அந்த ரெட் ஓக்கைத்தான் சொல்றாங்க. பின்னாடி ரெண்டு பேருமே தனித்தனியா பெரிய காலண்டர் கம்பெனி நடத்தினாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, அவங்க படத்துக்கு எடுத்தது பாரீஸ் நகரமோ ராணியோ இல்லை, சொந்த ஊர்க் கட்டடம். அதைத் தூக்கிப் போட ஊர்க்காரனுக்கு மனசு வராது. அதே 1880கள்ல ஒஹையோ மாநிலத்துல காஷாக்டன்னு இன்னொரு ஊர்ல ஜாஸ்பர் மீக்னு ஒரு பத்திரிகைக்காரர் இதே மாதிரி ஒரு காரியம் பண்ணினார். பள்ளிக்கூடப் பிள்ளைங்க புத்தகத்தைக் கையில தூக்கிட்டு போறதைப் பார்த்துட்டு, ஒரு செருப்புக்கடையோட பேரைச் சாக்குப் பையில அச்சடிச்சு இலவசமா கொடுக்க வச்சார். நம்ம ஜவுளிக்கடை மஞ்சப்பைக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பான்னு வச்சுக்கலாம் :-)

இங்க கதை வேற ரூட்ல வந்துச்சு. 1894ல ராஜா ரவிவர்மா பம்பாயில அச்சகம் ஆரம்பிக்கிறார். பிறகு அது லோனாவாலா பக்கத்துல மளவ்லிக்குப் போகுது. தொழில்ல கையைச் சுட்டுக்கிட்டு, கடைசியில ஃபிரிட்ஸ் ஷ்லைஷர்ங்கிற ஜெர்மன்காரர்கிட்ட வித்துட்டார். ஆனா அதுக்குள்ள லட்சுமியும் சரஸ்வதியும் கோயிலை விட்டு வெளிய வந்து வீட்டுச் சுவத்துக்கு வந்தாச்சு. அதுக்கப்புறம் சோப்புக் கம்பெனி, குழந்தைங்க மருந்துக் கம்பெனின்னு பலரும் அதே மாதிரி படங்களுக்குக் கீழே தங்க பேரைப் போட்டு காலண்டரா கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஆனா அதெல்லாம் பெரிய கைங்க. அச்சடிக்க பம்பாய் இல்லேன்னா ஜெர்மனிதான். முக்குக்கடை அண்ணாச்சிக்கு அது எட்டாக்கனி.

எட்ட வச்சது சிவகாசி. இது எங்க மாவட்டம்கிறதால சொல்லலை. (சரி, அதுவும் ஒரு காரணம்தான்.) 1922ல ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்த கதை உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். தீப்பெட்டி வந்தாச்சுன்னா அதுமேல ஒட்ட லேபிள் வேணும். பட்டாசு வந்ததும் அதுக்கும் கலர் கலரா லேபிள் வேணும். வெளியூர்ல கொடுத்து அச்சடிச்சுக் கட்டுப்படியாகுமா? 1920களோட கடைசியில சிவகாசியிலேயே லித்தோ அச்சகம் வர ஆரம்பிச்சுது. மழை குறைச்சலான காஞ்ச ஊரு, பட்டாசுக்கும் நல்லது, அச்சு மை காயறதுக்கும் நல்லது. லேபிள் அடிக்கத் தெரிஞ்ச கை, சாமி படம் அடிக்க எத்தனை நேரம் ஆகும்? மிஷின் இருக்கு, ஆள் இருக்கு. படம் வரைய ஆளு?

அந்த ஆளு பக்கத்துலேயே, கோவில்பட்டியில இருந்தார். சி. கொண்டையராஜு. 1898ல பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில படிச்சவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்துல இருந்திருக்கார். அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையறவரா ஊர் ஊரா சுத்தி, 1940கள்ல கம்பெனி கலைஞ்சதும் கோவில்பட்டியிலேயே தங்கிட்டார். போட்டோ ஸ்டூடியோவுக்குப் பின்னணித் திரை வரைஞ்சார். கூடவே டி.எஸ். சுப்பையா மாதிரி சீடர்கள் சேர்ந்தாங்க. அவங்க வரைஞ்ச சாமிங்கதான் சிவகாசியில அச்சாகி நாடு பூரா போச்சு. 1976ல அவர் காலமானார்.

பழைய காலண்டர் படம் கிடைச்சா உத்துப் பாருங்க. சாமி நேரா உங்க கண்ணைப் பார்க்கும். பின்னாடி மலை, அருவி, மாளிகைத் தூண், எல்லாம் அப்படியே நாடக மேடைத் திரை. ஆர்ட் காலரி ஆளுங்களுக்கு இதெல்லாம் மட்டம். எனக்கு அப்படித் தோணலை. லட்சக்கணக்கான வீட்டுல தினமும் காலையில கும்பிடப்பட்ட ஓவியம் வேற எந்த ஓவியருக்கு வாய்ச்சிருக்கு, சொல்லுங்க. ஆனா கும்பிட்டவங்கள்ல எத்தனை பேருக்கு அவர் பேரு தெரியும்? கோவில்பட்டி கடலைமிட்டாய் தெரிஞ்ச அளவுக்கு அந்த ஊர் கொண்டையராஜுவைத் தெரியாது.

இன்னொரு சங்கதி. வருஷம் முடிஞ்சதும் படம் நல்லா இருந்தா அதை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டிடுவாங்க. வெட்டும்போது முதல்ல போறது கீழே இருக்கற கடை பேருதான். அதனால கடைக்காரர் அடுத்த வருஷமும் கொடுத்தே ஆகணும். நம்ம பாஷையில சொன்னா சப்ஸ்கிரிப்ஷன் ரினியூவல்.

படம் பாதிதான். மீதிப் பாதி அந்தத் தேதித் தாள். வெறும் தேதியா அது? ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், முகூர்த்த நாள், அமாவாசை, கார்த்திகை, அரசு விடுமுறைன்னு ஒரு பஞ்சாங்கத்தையே உள்ளங்கை அகலத்துல அடக்கிடுறாங்க. கிழிச்ச தாளுக்கும் வேலை இருக்கு. எங்க ஆச்சி அதுலதான் விபூதி மடிச்சு வைக்கும். அப்பா அதோட பின்பக்கம்தான் கடைக்குச் சாமான் லிஸ்ட் எழுதுவார். வீட்டுல அதைக் கிழிக்கிற உரிமை தாத்தாவுக்கு மட்டும்தான். நான் ஒரு தடவை ஆர்வக்கோளாறுல நாளைய தேதியையும் சேர்த்துக் கிழிச்சு முதுகுல வாங்கினது தனிக்கதை.

சிவகாசியில புது வருஷத்துக்கான மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்னிக்குப் பூஜை போட்டு வெளியிடுவாங்க. அப்புறம் ஏஜெண்டுங்க அந்தத் தடி ஆல்பத்தைத் தூக்கிட்டு ஊர் ஊரா பஸ் ஏறுவாங்க. எங்க கடைக்கு வர்ற ஏஜெண்ட் மாமாவுக்கு ஒரு கலரும் ரெண்டு முறுக்கும் நிச்சயம். அவர் பக்கத்தைப் புரட்டப் புரட்ட, அப்பா தன் நோட்டை எடுப்பார்.

அந்த நோட்டுதாங்க இந்தப் பதிவோட ஹீரோ. அதுல எந்த வீட்டுக்கு என்ன படம்னு எழுதியிருக்கும். டீக்கடை பாய் வீட்டுக்கு மக்கா மதினா. டீச்சரம்மா வீட்டுக்கு வேளாங்கண்ணி மாதா. புதுசா கல்யாணம் ஆன வீட்டுக்குத் தவழ்ற குழந்தை. தி.க. வாத்தியார் வீட்டுக்கு அருவியும் மானும் :-) நாத்திகர் வீட்டுச் சுவத்துலயும் நம்ம கடை தொங்கணும்ல? பெரிய அட்டை யாருக்கு, சின்ன அட்டை யாருக்குன்னும் இருக்கும். எங்க கம்பெனியில வாடிக்கையாளரைப் பிரிச்சு வகைப்படுத்தறதுக்குன்னே ஒரு டீம் இருக்கு. அதுல பத்துப் பேரு பண்றதை அப்பா ஒரு நாப்பது பக்க நோட்டுல பண்ணிட்டு இருந்தார்.

பாக்கி வச்சிருக்கற வீட்டுக்கும் காலண்டர் உண்டு. நான் சின்ன வயசுல கேட்டிருக்கேன், "காசே தரலை, அவங்களுக்கு எதுக்குப்பா?"ன்னு. "குடுக்கலேன்னாதான்டா காசு வராது"ன்னார். அப்போ புரியலை.

இப்போ என் சொதப்பலுக்கு வருவோம்.

2022 ஆடி மாசம் ஊருக்குப் போயிருந்தேன். மெயின் ரோட்டுல புதுசா ஒரு சூப்பர் மார்க்கெட் வந்திருந்துச்சு, ஏ.சி., தள்ளுவண்டி எல்லாத்தோடயும். கடையில கூட்டம் குறைஞ்சிருந்துச்சு. நான் லேப்டாப்பைத் திறந்து அப்பாவோட வரவு செலவைக் கட்டம் கட்டமா போட்டேன். காலண்டர் 350. ஒண்ணு 38 ரூபாய். மொத்தம் 13,300. "இது எதுக்குப்பா? எல்லார் கையிலயும் போன் இருக்கு, போன்ல தேதி இருக்கு. நான் வாட்ஸ்அப்ல குரூப் ஆரம்பிச்சுத் தர்றேன், கூகுள் மேப்ல கடையைப் போட்டுடறேன், செலவே இல்லை"ன்னு பெரிய லெக்சர் கொடுத்தேன். மத்திய அரசே 2020 செப்டம்பர்ல அமைச்சகங்களும் அரசு வங்கிகளும் காலண்டர், டைரி அச்சடிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டதையும் எடுத்து விட்டேன். (அந்த உத்தரவு சிவகாசிக்கு எவ்வளவு பெரிய அடின்னு அப்போ யோசிக்கலை. கொரோனா வருஷம் வேற.) அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "சரிப்பா, நீ படிச்சவன்"னார். ஏஜெண்ட் மாமா கலரை மட்டும் குடிச்சுட்டுப் போனார்.

2023 ஜனவரி முதல் வாரம். கடைக்கு வந்த ஒவ்வொருத்தரும் காலண்டர் கேட்டிருக்காங்க. "இந்த வருஷம் போடலை"ன்னு அப்பா சொல்லியிருக்கார். அவ்வளவுதான் நடந்துச்சு. பொங்கலுக்கு நான் போயிருந்தப்போ தெக்குத்தெரு ஆச்சி ஒண்ணு கல்லா பக்கத்துல வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டுச்சு, "ஏய்யா, கடையக் குடுக்கப் போறீகளாமே, நெசமாவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. காலண்டர் போடலைன்னா கடை நொடிஞ்சு போச்சு. ஊர்க் கணக்கு அதுதான். அது எனக்குத் தெரியலை, அப்பாவுக்குத் தெரியும். ஆனா நான் படிச்சவன்ல.

அதோட நின்னிருந்தாப் பரவாயில்லை. பத்து வரவு நோட்டுல வழக்கமா பொங்கலுக்கு முன்னாடி பாக்கியை முடிக்கிறவங்க இழுக்க ஆரம்பிச்சாங்க. மூடப் போற கடைக்கு எதுக்கு அவசரமா கொடுக்கணும்? இன்னொரு பக்கம், விருதுநகர்ல அப்பா பருப்பு எடுக்கற மண்டியிலேர்ந்து போன். இருபது நாள் தவணையில சரக்கு கொடுத்துக்கிட்டு இருந்தவங்க. "என்ன அண்ணாச்சி, இந்த வருஷம் காலண்டர் போடலையாமே... பழைய கணக்கை ஒரு தரம் நேர் பண்ணிட்டு அப்புறம் புதுசு பார்ப்போமா?" ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க. பாக்கி 85,000 ரூபாய். என் சேமிப்பிலேர்ந்து அனுப்பினேன். பதிமூணாயிரத்தை மிச்சம் புடிச்ச லட்சணம் இது. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் இன்னும் உறுத்துது.

சாயங்காலம் ரெண்டு தெரு நடந்து பார்த்தேன். எங்க கடை காலண்டர் தொங்கின ஆணியில பல வீட்டுல சூப்பர் மார்க்கெட் காலண்டர். எல்லா வீட்டுலயும் ஒரே படம். சில வீட்டுல போன வருஷத்து எங்க அட்டை, தாள் எல்லாம் தீர்ந்து மொட்டையா, முருகன் மட்டும் நின்னுக்கிட்டு இருந்தார்.

கஜ்ரி ஜெயின்னு ஒரு ஆய்வாளர் இந்தக் காலண்டர் படங்களைப் பத்தியே 'காட்ஸ் இன் தி பஸார்'னு 2007ல ஒரு புத்தகம் எழுதியிருக்காங்க. அந்தப் பொங்கலுக்கு அப்புறம்தான் அதைத் தேடிப் படிச்சேன். நம்ம பஜார் வியாபாரம் நம்பிக்கையிலயும் நல்ல பேர்லயும் ஓடுது, வருஷா வருஷம் கொடுக்கற காலண்டர் அந்த உறவைப் புதுப்பிக்கிற அன்பளிப்புங்கிறதை விலாவாரியா எழுதியிருக்காங்க. நான் காலண்டரை விளம்பரச் செலவுன்னு ஒரு கட்டத்துல போட்டேன். அது கடையோட நாணயத்துக்குக் கட்டுற பிரீமியம். கட்டமே தப்பு.

வாட்ஸ்அப் குரூப் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? நல்லாத்தான் ஓடுச்சு. குட்மார்னிங் படமா வந்து குமிஞ்சுது. ஒருத்தரும் துவரம்பருப்பு கேக்கலை :-)

2023 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. அப்பாவைக் கூட்டிக்கிட்டு நானே சிவகாசிக்குப் போனேன். ஏஜெண்ட் மாமா ஒரு நமட்டுச் சிரிப்போட ஆல்பத்தை எடுத்து வச்சார். அப்பா நோட்டைத் திறந்தார். இந்தத் தடவை 400. நான் மெல்ல, "கடை பேருக்குப் பக்கத்துல க்யூஆர் கோடு போடலாமாப்பா? பாக்கிக் காசைப் போன்லயே அனுப்பிடுவாங்க"ன்னேன். அப்பா ஆல்பத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். "சாமி படத்து வீட்டுல கடன்காரன் மாதிரி நிக்கவா? வேண்டாம். போன் நம்பர் மட்டும் பெருசா போடச் சொல்லு." சரின்னுட்டேன். இதுக்கும் மேல வாயைத் திறப்பேன்?

டிசம்பர் கடைசியில மூணு நாள் லீவு போட்டு, நோட்டைப் பார்த்து வீடு வீடா நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மண்டிக்கும் ஒரு கட்டு போச்சு. பிப்ரவரியில பழையபடி தவணை கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. எல்லா வாடிக்கையும் திரும்பிடலை. மெயின் ரோட்டு ஆளுங்க மெயின் ரோட்டோடயே போயிட்டாங்க. கடை இன்னும் எத்தனை வருஷம்னு அப்பாவும் சொல்றதில்லை, நானும் கேக்கறதில்லை.

தெக்குத்தெரு ஆச்சி வீட்டுக்குக் கடைசியா போனேன். வாங்கின உடனே தாளைப் புரட்டித் தை அமாவாசை என்னிக்குன்னு பார்த்துச்சு. சூப்பர் மார்க்கெட் காலண்டரைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, நம்ம முருகனை என் கையில கொடுத்து, "நீயே மாட்டு"ன்னுச்சு. மாட்டினேன்.

"ஆணி ஆடுதுய்யா. அம்மிக்கல்லு கெடக்கு பாரு, ஒரு தட்டுத் தட்டிட்டுப் போ."

சரி, உங்க வீட்டுல எந்தக் கடை காலண்டர் தொங்குது, என்ன சாமி? பின்னூட்டத்துல சொல்லுங்க.